கவுண்டர் திறக்கும் முன்பே தீர்ந்துபோகும் இருக்கைகள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதியிருக்கும் அன்பர், கோவையில் ஒரு கல்லூரி உள்ளரங்கில் நடந்த கூடைப்பந்து இறுதி ஆட்டத்தைப் பார்க்கத் தம் மகளை அழைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போயிருக்கிறார். மாலை நான்கு மணிக்கே கவுண்டரில் டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோதோ நடுக் கேலரியில் வரிசை வரிசையாக இடம் காலியாக இருந்திருக்கிறது. கல்லூரி ஆட்டங்களுக்குப் பொதுமக்கள் டிக்கெட் பெறுவதற்கு நியாயமான முறை என்று ஒன்று உண்டா, அமெரிக்காவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பது அவர் எழுப்பியிருக்கும் கேள்வி. ஆனால் அவர் எழுதியிருப்பதைத் திரும்பப் படிக்கும்போது, விற்பனை முறையைப் பற்றிய ஐயத்தைவிட ஆழமான ஒன்று அதற்குள் இருப்பது தெரிகிறது. தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய இருக்கையை யார், எப்போது, யாருக்குக் கொடுத்தார்கள், அதை அவர்களிடம் கேட்க முடியுமா என்பதே அவர் உண்மையில் அறிய விரும்புவது. அந்தக் கேள்விக்கு என்னால் இயன்ற அளவு பதில் சொல்கிறேன்.

கொங்கு வட்டாரக் கல்லூரிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள், பல்கலைக்கழக மண்டலப் போட்டிகள், வெளிமாநில அணிகளை அழைத்து நடத்தும் போட்டிகள் ஆகியவற்றில் ஆட்ட அட்டவணையைப் போலவே இருக்கைப் பட்டியலும் பெரும்பாலும் என் மேசையில்தான் தயாரானது. என் அனுபவம் முழுவதும் இரண்டாயிரம் பேர் வரை அமரும் அரங்குகளையும் மைதானங்களையும் சார்ந்தது. பல்லாயிரம் பேர் கூடும் கிரிக்கெட் மைதானத்துக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆயிரம் பேர் அமரக்கூடிய ஓர் உள்ளரங்கை எடுத்துக்கொள்வோம். இறுதி ஆட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு, அந்த ஆயிரமும் காகிதத்தில் ஆயிரமாகவே இருக்கும். விளையாட்டுக் கட்டணம் செலுத்தும் மாணவர்களுக்கு முதல் உரிமை உண்டு என்பதால் அவர்களுக்கு ஒரு பகுதி போகும். தோற்று வெளியேறிய அணிகள் ஊர் திரும்பாமல் இறுதி ஆட்டத்தைப் பார்க்கத் தங்கியிருக்கும். அணிக்குப் பன்னிரண்டு ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர், மேலாளர் என்று கணக்கிட்டால் எட்டு அணிகளுக்கே நூறு இடத்துக்கு மேல் வேண்டும். கோப்பைக்கும் பரிசுத் தொகைக்கும் பணம் கொடுத்த மில் முதலாளிகள், பம்ப்செட் உற்பத்தியாளர்கள், நகைக்கடைக்காரர்கள் ஆகியோருக்கு ஸ்பான்சர் பாஸ் உண்டு. பிறகு தாளாளர் வீட்டு விருந்தினர்கள், முன்னாள் மாணவர் சங்கம், காவல்துறையினர், வருவாய்த்துறையினர், பத்திரிகையாளர்கள், நடுவர்களின் குடும்பத்தினர், அரங்குக்கு விளக்குப் போட்டவர், சாப்பாடு போட்டவர். இவர்களில் எவரையும் தகுதியில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானதே. ஆனால் அவை அனைத்தும் ஒரே தாளில் சேர்ந்து, கடைசியில் மிஞ்சும் எண்பதோ நூறோ இருக்கைகள்தான் கவுண்டருக்கு வருகின்றன. அந்த நூறை எவ்வளவு நேர்மையாக விற்றாலும், வெளியே நிற்கும் நானூறு பேருக்கு அது அநியாயமாகவே தெரியும். ஆகவே, டிக்கெட்டை எப்படி விற்பது என்ற விவாதத்துக்கு முன்னால், எத்தனை டிக்கெட் விற்பனைக்கு வருகிறது என்பதை முடிவு செய்ய வேண்டும். நியாயம் தவறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் என்பதை நான் உறுதியாகவே சொல்வேன்.

இதை எனக்கு உணர்த்தியது ஒரு முதியவர். நான் பணிபுரிந்த ஒரு கல்லூரியில் மண்டல இறுதி ஆட்டம் நடந்த அன்று, காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அவர் வந்திருந்தார். எதிரணியில் ஆடிய பையனின் தாத்தா. கவுண்டர் மூடியிருந்தது. என்னிடம் வந்து, "ஏனுங்க சார், பேரன் ஆடறானுங்க, ஒரு ஓரமா நின்னு பாத்துக்கறனுங்க" என்றார். நிற்பதற்குக்கூட அனுமதி தர முடியாத நிலை அன்று; வாசல்களை மறித்து ஆட்களை நிறுத்தக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருப்பவன். அவர் வெளியே போய், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று முழு ஆட்டத்தையும் பார்த்தார். உள்ளே விருந்தினர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலிகளில் இரண்டு வரிசை ஆட்டம் முடியும்வரை காலியாகவே கிடந்தது. அந்தப் பாஸ்களில் கையெழுத்திட்டவன் நான். மேலிடத்திலிருந்து கேட்டார்கள், கொடுத்தேன் என்பது உண்மைதான் என்றாலும், எத்தனை கொடுத்தேன் என்று எண்ணிப் பார்க்காதது என் தவறு. அடுத்த ஆண்டிலிருந்து பாஸ் புத்தகத்தின் அடிக்கட்டையில் வாங்கியவர் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதி, ஆட்டம் முடிந்த மறுநாள் எத்தனை பாஸ் உண்மையில் உள்ளே வந்தது என்று சரிபார்க்கத் தொடங்கினேன். விருந்தினர் பாஸ்களில் பெரும்பங்கு வராமலே போவது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பணம் கொடுத்து வாங்கியவர் மழை பெய்தாலும் வருவார்; இலவசமாகப் பெற்றவருக்கு வராமல் போவதில் இழப்பு ஏதும் இல்லை. கோபி அன்பர் பார்த்த காலி வரிசைகளுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

இதற்கு நான் கையாண்ட மருந்து மிகவும் எளிது. ஒவ்வொரு விருந்தினர் பாஸிலும் "ஆட்டம் தொடங்குவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு வரை மட்டுமே செல்லும்" என்று அச்சிட்டோம். டிக்கெட் கிடைக்காமல் வாசலில் நிற்பவர்களுக்கு வந்த வரிசைப்படி எண் போட்ட டோக்கன் கொடுத்தோம். குறித்த நேரம் தாண்டியதும் காலி இடங்களை எண்ணி, அத்தனை டோக்கன்களை உள்ளே விட்டோம். முதல் ஆண்டு தாமதமாக வந்த ஒரு பெரிய மனிதரை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அதற்காக நான் நிர்வாகத்துக்கு எழுத்தில் விளக்கம் கொடுக்கவும் நேர்ந்தது. இரண்டாம் ஆண்டிலிருந்து எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள்.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அங்கே கல்லூரி விளையாட்டின் அளவே வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் 1,07,601 பேர் அமரலாம் என்றால் அதை நம் ஊர் கல்லூரி மைதானத்தோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. ஆனாலும் இருக்கைப் பங்கீட்டுச் சிக்கல் ஏறத்தாழ இதேதான்: மாணவர்களுக்கு ஒரு பகுதி, எதிரணிக்கு ஒரு பகுதி, நன்கொடையாளர்களுக்கு ஒரு பெரும்பகுதி, மிச்சம் பொதுவிற்பனைக்கு. நல்ல இருக்கைக்கான டிக்கெட்டை வாங்கும் உரிமையைப் பெறுவதற்கே தனியாக நன்கொடை தர வேண்டும் என்ற வழக்கம் அங்கே பல பல்கலைக்கழகங்களில் உண்டு. அந்த நன்கொடையில் 80 சதவீதத்தை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் நீண்ட காலம் சட்டம் இடம் கொடுத்தது. 2017-இல் இயற்றிய வரிச் சட்டத்தால் 2018 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. சலுகையை எதிர்த்தவர்களின் வாதம் எனக்கு ஏற்புடையது: இருக்கை பெறுவதற்காகக் கொடுக்கும் பணம் விலைதான், அதைத் தருமம் என்று கணக்கெழுதுவது சரியில்லை.

மாணவர் பகுதியைப் பங்கிடுவதில் டியூக் பல்கலைக்கழகத்தின் வழக்கம் புகழ்பெற்றது. அதன் கேமரன் உள்ளரங்கம் 9,314 பேர் அமரும் சிறிய அரங்கம். வட கரோலினா பல்கலைக்கழகத்தோடு ஆடும் கூடைப்பந்து ஆட்டத்துக்கு இடம் பிடிக்க, மாணவர்கள் 12 பேர் வரை கொண்ட குழுக்களாகச் சேர்ந்து, வாரக்கணக்கில் அரங்கத்தின் வெளியே கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். 1986-இல் தொடங்கிய இந்த வழக்கத்துக்கு, கூடாரத்தில் எந்த நேரத்தில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது வரை எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றன. பணத்துக்குப் பதிலாக நேரத்தை விலையாகக் கேட்கும் முறை இது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு இது பொருந்தும். திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டு முடித்து வருபவருக்கோ, பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுபவருக்கோ பொருந்தாது. அவர்களிடம் இல்லாத ஒரே பொருள் நேரம்தான்.

குலுக்கல் முறையும் அங்கே உண்டு. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் கூடைப்பந்து இறுதிக்கட்ட ஆட்டங்களுக்கு விண்ணப்பம் பெற்றபோது, டிக்கெட் விலையோடு, திரும்பத் தரப்படாத ஒரு கட்டணத்தையும் சேர்த்து வாங்கியது. இது சட்டவிரோத லாட்டரி என்று வழக்குத் தொடரப்பட்டு, 2011-இல் இந்தியானா மாநில உச்ச நீதிமன்றம் அப்படியல்ல என்று தீர்ப்பளித்தது. அங்கே அது சட்டப்படி செல்லும் என்றாலும், தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. எனவே இங்கே எந்தக் கல்லூரியாவது டிக்கெட்டைக் குலுக்கிக் கொடுக்க நினைத்தால், குலுக்கலில் சேர ஒரு ரூபாய்கூட வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு. பெயர் விழுந்தவரிடம் மட்டும் டிக்கெட் விலையைப் பெற்றுக்கொள்ளலாம்.

அமெரிக்க முறை நியாயமானது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். 2010-இல் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் விசாரணையில், அதன் விளையாட்டுத் துறையின் டிக்கெட் விற்பனையைக் கவனித்த அலுவலர்கள் சிலரே 2005 முதல் ஐந்தாண்டுகள் டிக்கெட்டுகளை எடுத்துத் தரகர்களுக்குக் கொடுத்துவந்தது வெளிப்பட்டது. அச்சிட்ட விலையில் கணக்கிட்டாலே அவற்றின் மதிப்பு 10 லட்சம் டாலரைத் தாண்டியது. வழக்கில் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கணினியும் பட்டைக் குறியீடும் இருந்த இடத்தில் இது நடந்திருக்கிறது. இலவச ஒதுக்கீட்டில் வெளியே போன டிக்கெட் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று வெளியாள் ஒருவர் சரிபார்க்காத இடத்தில் எந்தக் கருவியாலும் பயனில்லை என்பதே நான் அதிலிருந்து புரிந்துகொண்டது.

நம் நாட்டிலேயே பின்பற்றத்தக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்கு 2018-இல் வந்த புதிய சட்டவிதிகளின்படி, 90 சதவீத டிக்கெட்டுகள் பொதுவிற்பனைக்கு வர வேண்டும், இலவசப் பாஸ்கள் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற நிலை ஏற்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் இந்தூரில் நடக்கவிருந்த இந்தியா – மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் ஆட்டம், இலவசப் பாஸ் எண்ணிக்கை பற்றிய தகராறினால் விசாகப்பட்டினத்துக்கு மாற்றப்பட்டது. இந்த விதி கல்லூரிகளைக் கட்டுப்படுத்தாது. மாணவர்களுக்கான ஒதுக்கீடு இருப்பதால் 90 சதவீதம் என்பது கல்லூரி அரங்கில் நடைமுறைக்கும் ஒவ்வாது. ஆனாலும், இலவசப் பாஸுக்கு ஓர் உச்சவரம்பு இருக்க வேண்டும், அதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற கருத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மாணவர், அணிகள் நீங்கலாக மீதமுள்ள இருக்கைகளில் பாதியாவது பொதுமக்களுக்கு என்று வைத்துக்கொண்டால், எந்த ஸ்பான்சரும் கோபித்துக்கொண்டு போகமாட்டார் என்பது என் அனுபவம்.

அப்படி ஒதுக்கிய பிறகு எப்படி விற்பது என்பதில்தான் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி தொடங்குகிறது. வரிசையில் நிறுத்தி விற்றால் நேரமுள்ளவருக்குக் கிடைக்கும். விலையை ஏற்றினால் காசுள்ளவருக்குக் கிடைக்கும். இணையத்தில் விற்றால் கைப்பேசியில் விரைவாகத் தட்டத் தெரிந்தவருக்குக் கிடைக்கும். அந்தக் காங்கேயம் தாத்தாவுக்கு ஒருநாளும் கிடைக்காது. குலுக்கல் ஒன்றே எல்லோரையும் சமமாக நடத்துகிறது, ஆனால் ஆண்டு முழுவதும் இந்த ஆட்டத்துக்காகக் காத்திருந்தவரையும் பொழுதுபோக்க வந்தவரையும் அது பிரித்தறிவதில்லை. நண்பர்கள் சிலர் இணைய விற்பனையே முழுமையாக நல்லது என்பார்கள். கள்ளச்சந்தை குறையும் என்பதில் அவர்கள் சொல்வதற்குப் பொருள் இருக்கிறது. நான் கலப்பு முறையை விரும்புகிறேன். பாதியை இணையத்திலும் பாதியை நேரிலும் விற்க வேண்டும். நேர்விற்பனையை வேலைநாள் காலை பத்து மணிக்கு வைக்காமல் ஞாயிற்றுக்கிழமையில் வைக்க வேண்டும். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு ஞாயிறன்றுதான் கையில் காசும் கொஞ்சம் ஓய்வும் இருக்கும். ஒருவருக்கு இரண்டு டிக்கெட்டுக்கு மேல் தரக் கூடாது. வரிசை அளவுக்கு மீறிப் போகும் இறுதி ஆட்டத்துக்கு மட்டும் குலுக்கல் வைக்கலாம். குலுக்குச் சீட்டுப் போட்டுப் பழகிய ஊர் நம்முடையது. எல்லோர் முன்னிலையிலும் ஒரு குழந்தையை விட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னால் அந்த முடிவை மறுப்பேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள்.

முற்றிலும் இலவசமாக விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நம் கிராமங்களில் விளக்கொளியில் நடக்கும் கபடிக்கும் கைப்பந்துக்கும் யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. சுற்றி நின்று பார்க்கிறோம், அது அழகான வழக்கம். திறந்த மைதானத்தில் அது செல்லும். நான்கு சுவரும் இரண்டு வாசலும் கொண்ட அரங்கில், எண்ணிக்கை இல்லாத இலவசம் ஆபத்தானது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் 11 பேர் நெரிசலில் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. அனுமதி இலவசமா, பாஸ் வேண்டுமா என்பதில் தெளிவில்லாமல் மைதானத்தின் கொள்ளளவைப் போலப் பல மடங்கு மக்கள் அங்கே கூடினார்கள். எனவே கட்டணம் பத்து ரூபாயோ சுழியமோ, இருக்கைக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஓர் எண் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கட்டணம் வைத்தால், அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிகளில் ஒருவருக்கு 500 ரூபாய் வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதையும் அமைப்பாளர்கள் கவனிக்க வேண்டும்.

இனி, கேட்க உரிமை உண்டா என்பதற்கு வருகிறேன். பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவருக்கு இடம் தராவிட்டால் அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் டிக்கெட்டே கிடைக்காதவருக்கு அந்தச் சட்டம் அதிகம் உதவாது. அவருக்குப் பயன்படக்கூடியது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பாரதியார் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்லூரிகளும் அதன் வரம்புக்குள் வருகின்றன. அரசு நிதியைக் கணிசமாகப் பெறும் உதவிபெறும் கல்லூரிகளும் வரும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. சுயநிதிக் கல்லூரியிடம் நேரடியாக இப்படிக் கேட்க வழியில்லை. அங்கே வேண்டுகோள் ஒன்றே வழி. கேட்கும்போது யாருக்குப் பாஸ் கொடுத்தீர்கள் என்று பெயர்களைக் கேட்க வேண்டாம். அது மறுப்புக்கும் மனவருத்தத்துக்கும் இடம் கொடுக்கும். மொத்த இருக்கை எத்தனை, இலவசப் பாஸ் எத்தனை, விற்றது எத்தனை என்று மூன்று எண்களை மட்டும் கேளுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு.

ஒரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். கல்லூரி மைதானத்தில் நடப்பதெல்லாம் கல்லூரி ஆட்டம் ஆகிவிடாது. கோவையில் ஸ்ரீராமகிருஷ்ணா கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. அங்கே கல்லூரி இடம் தருகிறது, டிக்கெட் லீக் அமைப்பாளர்களுடையது. குறை இருந்தால் அவர்களிடம்தான் எழுத வேண்டும். உங்கள் விஷயத்தில் கல்லூரியே போட்டியை நடத்தியதா, விளையாட்டுக் கழகம் ஒன்று அரங்கை வாடகைக்கு எடுத்து நடத்தியதா என்பதை அழைப்பிதழின் கீழ்ப்பகுதியில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டுப் போட்டிக்கு முன்னால் கோபியிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டு, அந்தக் கல்லூரியின் முதல்வருக்கும் உடற்கல்வி இயக்குநருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். பொதுமக்களுக்கான இருக்கைகளின் எண்ணிக்கையை அழைப்பிதழிலேயே அச்சிட வேண்டும் என்றும், நேரத்துக்கு வராத பாஸ் இடங்களை வாசலில் காத்திருப்பவர்களுக்கு விட வேண்டும் என்றும், சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குத் தரைமட்டத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்றும் மூன்று கோரிக்கைகள் போதும். மூன்றாவதைக் கேட்பதற்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் துணை நிற்கிறது. கோபமாக எழுத வேண்டாம். மகளை அழைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வந்ததையும் காலி வரிசைகளைக் கண்டதையும் நடந்தது நடந்தபடி எழுதினால், என்னைப் போன்ற ஓர் ஆள் அந்த மேசையில் இருந்தால் அவருக்கு அது உறைக்கும். போட்டி தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பே கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஸ்பான்சர்களிடம் பாஸ் எண்ணிக்கையைச் சொல்லிப் பணம் பேசுவது அதற்கடுத்த வாரங்களில்தான். பேசி முடித்துவிட்டால் அந்த ஆண்டின் இருக்கைப் பட்டியலில் ஓர் எண்ணைக்கூட மாற்ற அவரால் முடியாது.